'ஊருக்கே தாய்' என்று கல்லில் வெட்ட வேண்டாம்

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவினருக்கும், முன்னாள் மாணவர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சென்ற மாதக் கூட்டத்தில் நீங்கள் எடுத்த முடிவின் நகல் எங்கள் குடும்பத்தாருக்கு வந்து சேர்ந்தது. பள்ளி வாசலுக்கு வலப்புறம், வேப்ப மரத்தடியில், என் அம்மாச்சியின் மார்பளவுச் சிலையை நிறுவுவது என்றும், அதன் பீடத்தில் 'ஊருக்கே தாய்' என்று பொறிப்பது என்றும், அவருடைய பிறந்த நாளான மே 20 அன்று அதைத் திறந்து வைப்பது என்றும் அதில் கண்டிருந்தது. 1962 முதல் 1996 வரை அந்த ஒரே பள்ளியில் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகும் அதே ஊரில் வாழ்ந்து, கடந்த ஆண்டு தம் 86ஆம் வயதில் மறைந்த ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியைக்குச் சிலை வைக்க ஓர் ஊர் தானாக முன்வருவது எளிதில் நடக்கிற காரியம் அன்று. திருப்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பணம் அனுப்பியவர்களின் பெயர்களை என் பெரியம்மா இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஒவ்வொரு பெயருக்கும் எந்த வீடு, எந்தத் தெரு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அன்புக்கு எங்கள் நன்றி. ஆயினும் சிலை வேண்டாம் என்றும், சிலையைவிட முக்கியமாக அந்தச் சொல் வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். நன்கொடை கொடுத்தவர்கள் பல ஊர்களில் சிதறி இருப்பதால், நேரில் வந்து சொல்வதற்குப் பதிலாக எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பெரியம்மாவின் ஒப்புதல் இல்லாமல் இதில் ஒரு வரியும் எழுதப்படவில்லை.

முதலில் ஒரு சிறிய திருத்தம். மே 20 அவருடைய பிறந்த நாள் அன்று. ஐப்பசி அடைமழையில், கண்மாய் உடைந்த ஆண்டில் பிறந்தவர் என்று அவருடைய தாயார் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளியில் சேர்க்கப் போன அன்று, வலக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக் காதைத் தொடச் சொல்லி, தொட்டதும் ஐந்து வயது நிறைந்தது என்று முடிவு கட்டி, அந்த ஆசிரியர் தம் வசதிக்கு எழுதிய தேதி அது. பின்னாளில் அம்மாச்சியும் அதே முறையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் கொடுத்தார். உங்களில் 50 வயதைக் கடந்தவர்கள் உங்கள் ஆதார் அட்டையை எடுத்துப் பார்த்தால், மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் இத்தனை பேர் பிறந்திருப்பது எப்படி என்பது விளங்கும். உங்களுக்குத் தேதி போட்டவர் என்ற வகையில் வேண்டுமானால் அவரைத் தாய் என்று சொல்லலாம். எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்போம்.

இனி அந்தச் சொல்லைப் பற்றி. ஓர் ஆண் ஆசிரியர் நன்றாகக் கற்பித்தால் 'கணக்கில் புலி' என்கிறோம், 'இலக்கணக் கடல்' என்கிறோம். ஒரு பெண் அதே வேலையை அதே திறத்தோடு செய்தால் 'தாய் போன்றவர்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். தாய்மை என்றால் அதற்குப் பயிற்சி தேவையில்லை, திட்டமிடல் தேவையில்லை, சம்பளமும் தேவையில்லை என்பது போல ஒரு பொருள் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அம்மாச்சி எட்டாம் வகுப்பு முடித்து இரண்டாண்டு 'ஹையர் கிரேடு' ஆசிரியர் பயிற்சி பெற்று வேலைக்கு வந்தவர். இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளை நடத்திய பள்ளி அது. ஒரு வகுப்புக்கு எழுத்து வேலை கொடுத்து, இன்னொன்றை வாய்ப்பாடு சொல்ல வைத்து, மூன்றாவதற்குத் தாம் பாடம் நடத்தி, மூன்றையும் ஒரே கூடத்தில் ஒன்றை ஒன்று கெடுக்காமல் கொண்டுசெல்வதற்கு அன்பு மட்டும் போதாது. முந்தின இரவே அரிக்கேன் விளக்கடியில் உட்கார்ந்து அவர் எழுதிய பாடக் குறிப்பேடுகள் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன.

நான் நகரத்துப் பள்ளியில் படித்தவள். அவருடைய வகுப்பில் உட்காரும் பேறு எனக்கு விடுமுறை நாட்களில்தான் வாய்த்தது; அதுவும் அடுப்படியில். ஆறு வயதில் நான் 'வன்டி' என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, அவர் அதை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. 'ண'வுக்கு மூன்று சுழி, 'ன'வுக்கு இரண்டு சுழி என்று எல்லோரும் சொல்லித் தருவதை அவர் ஏற்றுக்கொண்டதே கிடையாது. சுழியை எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு எந்த இடத்தில் எத்தனை சுழி என்று எப்படித் தெரியும் என்று கேட்பார். அவர் பழைய பெயர்களைத்தான் சொல்வார்: டண்ணகரம், றன்னகரம், தந்நகரம். 'ட' பக்கத்தில் வந்தால் அதற்கு முன் நிற்பது டண்ணகரம், எனவே வண்டி. 'ற' பக்கத்தில் வந்தால் றன்னகரம், எனவே கன்று. 'த' பக்கத்தில் வந்தால் தந்நகரம், எனவே பந்து. எழுத்துக்கும் அண்டை வீடு உண்டு, அண்டை வீட்டைப் பார்த்து ஆளை அடையாளம் காணலாம் என்பார். அன்று முதல் இந்த மூன்றில் நான் பிழை விட்டதில்லை. அகர வரிசையில் தொடங்காமல் கோடுகள் எளிதாக உள்ள ட, ப, ம என்று தொடங்குவதும், கோவை இலையையும் அடுப்புக் கரியையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூச எந்த மாதம் எந்த வகுப்பின் முறை என்று பட்டியல் போடுவதும், பலப்பம் தின்னும் பிள்ளையின் வீட்டுக்குப் போய் என்ன சாப்பிடுகிறான் என்று விசாரிப்பதும் தொழில் தெரிந்தவரின் செயல்கள். 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது, துதிக்கை வைத்த பழைய லை, ளை, னை எழுத்துகள் போய்ப் புது வடிவம் வந்த அந்த வாரத்தில், சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டைகள் அத்தனையையும் ஒரே இரவில் மாற்றி எழுதினார் என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் தம் சொந்தக் கடிதங்களில் கடைசி வரை அந்தத் துதிக்கையை அவர் விடவில்லை. பள்ளிக்கு அரசாணை, வீட்டுக்கு என் கை என்பார்.

நன்கொடை வேண்டி நீங்கள் அச்சிட்ட துண்டறிக்கையில் தூளிக் கதை இடம்பெற்றிருக்கிறது. கல் உடைக்கப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளியிலிருந்து நின்றுபோன சிறுமிகளை, தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டே வரலாம் என்று சொல்லி அழைத்து வந்து, தாழ்வார விட்டத்தில் பழைய சேலைகளால் தூளி கட்டி, குழந்தைகளை அதில் தூங்கவிட்டு, அக்காள்களுக்குப் பாடம் நடத்தினார் என்ற கதை. ஆய்வுக்கு வந்த அதிகாரி இது பள்ளியா பிள்ளைக் காப்பகமா என்று கேட்டபோது, தூளியை அவிழ்த்தால் வருகைப் பதிவேட்டில் 11 பெயர்களை அடிக்க வேண்டி வரும், அடிக்கட்டுமா என்று பதிவேட்டை நீட்டினார் என்பதும் உண்மைதான். அவருடைய தாய்மைக்குச் சான்றாக நீங்கள் இதைச் சொல்கிறீர்கள். அந்தத் தூளிகள் எதனால் வந்தன என்பது துண்டறிக்கையில் இல்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கவும் வழியில்லை.

அம்மாச்சிக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவர் பெரியம்மா, 1958இல் பிறந்தவர். இடையில் இரண்டு மாமாக்கள். கடைசிப் பெண் என் அம்மா, 1968 செப்டம்பரில் பிறந்தவர். தாத்தா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். வெளியூரில் தங்கிச் சனிக்கிழமை இரவு வந்து திங்கட்கிழமை விடியலில் போய்விடுவார். முதல் மூன்று பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மாமியார் அதற்கு முந்தைய ஆண்டு காலமாகிவிட்டார். பேறுகால விடுப்பு அந்நாளில் மூன்று மாதம். இப்போது தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 12 மாதம் என்று ஆகியிருப்பது 2021 முதல்தான். 2011 வரையில் அது 90 நாளாகவே இருந்தது. விடுப்பு முடிந்து, பிறகு கைவசம் இருந்த சில நாட்களும் தீர்ந்து, பொங்கலும் கழிந்தபின், வேலையை விடுவது அல்லது குழந்தைக்கு ஓர் ஆள் தேடுவது என்ற இடத்தில் அம்மாச்சி வந்து நின்றார். ஆள் வீட்டிலேயே இருந்தது. பத்து வயது, ஐந்தாம் வகுப்பு.

அந்தச் சேர்க்கைப் பதிவேடு பள்ளியின் இரும்புப் பெட்டியில் இன்றும் இருக்கிறது. அப்போது தலைமையாசிரியர் வேறொருவர். ஆனால் கையெழுத்து நன்றாக இருந்ததால் பதிவேடுகளை எழுதும் வேலை அம்மாச்சியிடம் இருந்தது. பெரியம்மாவின் பெயருக்கு நேராக, விலகிய நாள் 20.1.1969 என்று இருக்கிறது. காரணம் என்ற கட்டத்தில் 'வீட்டு வேலை' என்று, அந்தத் துதிக்கை வைத்த லையோடு, சற்றும் நடுங்காத கையெழுத்தில் எழுதியிருக்கிறார். சுகவீனம் என்று எழுதியிருக்கலாம். அதை யாரும் சரிபார்த்திருக்கப் போவதில்லை. மறுசேர்க்கை 8.6.1970. ஒன்றரை ஆண்டு. மற்ற வீடுகளின் வாசலில் நின்று, பெண் பிள்ளையை ஏன் நிறுத்தினீர்கள் என்று அந்த ஒன்றரை ஆண்டும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு வீட்டில் ஒரு கிழவி, "உம் மகளை மொதல்ல அனுப்பு தாயீ" என்று சொன்னதாகப் பெரியம்மாவுக்கு நினைவிருக்கிறது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் அப்போது அம்மாச்சியின் பின்னாலேயே நின்றாராம்.

1970 ஜூனில் பெரியம்மா பள்ளிக்குத் திரும்பியபோது கையில் தங்கையோடுதான் வந்தார். விட்டத்தில் கட்டப்பட்ட முதல் தூளி என் அம்மாவுக்கானது. கல் உடைப்பவர் வீட்டுக் குழந்தைகளுக்குக் கட்டியவை அதற்குப் பிறகு, ஒரு வாரத்துக்குள் வந்தவை. எனவே அது பொங்கி வழிந்த தாய்மை அன்று. தாம் செய்த தவறு எதுவென்று தெரிந்த ஓர் ஆசிரியை, அதே தவறை இன்னொரு வீடு செய்யாமலிருக்கக் கண்டுபிடித்த வழி. 1982 ஜூலை 1ஆம் நாள் சத்துணவுத் திட்டம் தொடங்கி, இரண்டு வயது முதலே பிள்ளைகளுக்குச் சோறு போடும் மையம் நம் ஊருக்கும் வந்த பிறகுதான் தூளிகள் அவிழ்க்கப்பட்டன. சேலைகளைத் துவைத்து மடித்து உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தார் என்று கேள்வி.

பெரியம்மா 1977இல் பழைய பதினொன்றாம் வகுப்பை முடித்தார். அடுத்த ஆண்டு கல்யாணம். ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டாரா என்று நான் கேட்டிருக்கிறேன். "ஆசப்பட்டா மட்டும்?" என்பதோடு அந்தப் பேச்சை முடித்துவிடுவார். இதில் அம்மாச்சியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் எண்ணம் எங்கள் யாருக்கும் இல்லை. மூன்று மாத விடுப்புக் கொடுத்துவிட்டு மீதியை அவரவர் வீட்டுப் பெண்பிள்ளைகள் தலையில் சுமத்திய ஏற்பாட்டுக்கு அவர் ஒருவர் எப்படிப் பொறுப்பாவார்? ஆனால் 'ஊருக்கே தாய்' என்று கல்லில் வெட்டினால், அந்தப் பட்டத்திற்கு விலை கொடுத்த பத்து வயதுச் சிறுமி அந்தக் கல்லுக்கு அடியில் போய்விடுகிறாள். உங்களுக்கு அவர் ஆசிரியை, நால்வருக்குத் தாய், எங்கள் ஏழு பேருக்கு அம்மாச்சியும் அப்பாயியும். மூன்றும் ஒன்றே என்று சொல்வது கேட்க இனிமையாக இருக்கிறது. அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அப்படி இருக்கவில்லை.

அவர் இதை மறந்தவர் அல்லர். ஓய்வூதியம் வரத் தொடங்கிய மாதத்திலிருந்து, முதல் வாரத்தில் ஓர் உறையில் 200 ரூபாய் வைத்துப் பெரியம்மாவிடம் கொடுத்துவிடுவார்; ஓய்வூதியம் உயர்ந்தபோது அதுவும் உயர்ந்தது. வரவு செலவுக் குறிப்பேட்டில், மளிகைக்கும் பால் கணக்குக்கும் நடுவில், 'பெரியவளுக்கு, பாக்கி' என்று ஒவ்வொரு மாதமும் ஒரு வரி. எவ்வளவு பாக்கி, எப்போது தீரும் என்று எங்கும் எழுதவில்லை. இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதும் இல்லை. அவர் போன பிறகு குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தப் பணத்தை என்ன செய்தீர்கள் என்று பெரியம்மாவைக் கேட்டேன். வளையல் வாங்கினேன், பேரனுக்குச் சைக்கிள் வாங்கினேன், எடுத்து வைத்துக் கும்பிட அது என்ன சாமிக் காசா என்றார்.

சைக்கிள் என்றதும் அறிவொளிக் காலத்தைச் சொல்லாமல் விட முடியாது; உங்கள் தீர்மானத்திலும் அது ஒரு பத்தி நிறைய வருகிறது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கி, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில் பெண்கள் சைக்கிள் பழகியபோது அம்மாச்சிக்கு 53 வயது. பெண்கள் சைக்கிள் கிடைக்காததால் மாமாவின் கம்பி வைத்த சைக்கிளிலேயே கண்மாய்க் கரையில் விழுந்து விழுந்து பழகினார். பகலில் பள்ளி, இரவில் கல்குவாரிப் பெண்களுக்கு எழுத்து. 1992ஆம் ஆண்டு மகளிர் நாளன்று புதுக்கோட்டை நகரில் நடந்த சைக்கிள் பேரணிக்கு நம் ஊரிலிருந்து போன பெண்களில் அவரும் ஒருவர். இதில் நீங்கள் எழுதியதற்கு மேல் நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான்: அந்த இரவு வகுப்புகளிலும் அவர் கதை சொல்லிக் கொஞ்சியவர் அல்லர். கூலிச் சீட்டில் எழுதியிருக்கும் தொகையும் கையில் கொடுத்த தொகையும் ஒன்றா என்று படித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்.

பாட்டி என்ற வகையில் அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அல்லது சொல்லி முடியாது. விடுதியிலிருந்து நான் எழுதிய கடிதங்களைச் சிவப்பு மையில் திருத்தி, பதில் கடிதத்தோடு இணைத்துத் திருப்பி அனுப்புவார். பதிலில், திருத்தங்களைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது; முருங்கை காய்த்திருக்கிறது, தாத்தாவுக்கு இருமல் தேவலை என்றுதான் இருக்கும். பள்ளி விட்டு வந்து தம் நான்கு பிள்ளைகளோடு உட்கார நேரம் கிடைக்காதவர், எங்களோடு திண்ணையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கும்போது என் அம்மாவின் முகத்தில் வரும் மாற்றத்தைச் சிறுவயதில் நான் புரிந்துகொள்ளவில்லை.

இனி, எங்கள் கோரிக்கை. சிலைக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கை அந்த இரும்புப் பெட்டிக்குச் செலவிடுங்கள். 1962க்கு முந்தைய பதிவேடுகள் ஏற்கெனவே செல்லரித்துவிட்டன. முதியோர் உதவித்தொகைக்கும் கடவுச்சீட்டுக்கும் வயதுச் சான்று தேடி இன்றும் ஆட்கள் அந்தப் பெட்டியைத்தான் திறக்கச் சொல்கிறார்கள். தலைமையாசிரியரின் அனுமதியோடும் கல்வித் துறையின் அனுமதியோடும் அவற்றை நகலெடுத்து, பிரிந்த தாள்களைக் கட்டடம் செய்து வைக்கலாம். 1969ஆம் ஆண்டுப் பக்கத்தை மறைக்க வேண்டியதில்லை என்று பெரியம்மா சொல்கிறார்.

மீதிப் பணத்தில், தெருப் பக்கம் கதவு உள்ள மேற்கு அறையைச் சரிசெய்து, மாலை ஆறு முதல் எட்டு வரை விளக்கும் மின்விசிறியும் பாயும் உள்ள படிப்பறையாக நடத்துங்கள். இல்லம் தேடிக் கல்வி மையம் நம் ஊரில் நின்றுபோன பிறகு, கல்குவாரிக்கும் நூற்பாலை இரவு முறைக்கும் போகும் வீடுகளின் பிள்ளைகள் அந்த நேரத்தில் தொலைக்காட்சி முன்னால்தான் இருக்கிறார்கள். படித்துவிட்டு ஊரில் இருக்கும் பெண்களில் ஒருவரை அதற்கு அமர்த்துங்கள். அமர்த்தும்போது தொண்டு என்றும் தாயுள்ளம் என்றும் சொல்லிக் கையில் ஒன்றும் கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள். மாதச் சம்பளத்தை எழுத்தில் பேசி, விடுப்பு எத்தனை நாள் என்பதையும் பேசி அமர்த்துங்கள். அவர் தம் கைக்குழந்தையோடு வருவாரானால் அந்த அறையின் விட்டத்தில் கொக்கி இருக்கிறது.

கல் ஒன்று வைத்தே தீர வேண்டும் என்று பெரும்பான்மையோர் கருதினால், அவருடைய பெயரும், அதன் கீழ் 'ஆசிரியை, 1962–1996' என்பதும் போதும். மே 20 வேண்டாம். ஐப்பசியில், பள்ளி நடக்கும் நாளாகப் பார்த்து வையுங்கள், பிள்ளைகள் இருப்பார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திற்கு நானும் பெரியம்மாவும் வருகிறோம். அவருக்கு மூட்டு வலி இருக்கிறது, தரையில் உட்கார முடியாது. ஒரு நாற்காலி போட்டு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டீச்சரின் கடைசி மகளுடைய மகள்